மழையோடு திறக்கும் ஹாஸ்டல்: பிள்ளைகள் வருவதற்கு முந்தைய வாரம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் கல்லூரி திறப்பதும் எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடிப்பதும் ஏறக்குறைய ஒரே சமயம். கோடை விடுமுறை முழுக்கப் பூட்டிக் கிடந்த ஹாஸ்டலில் வந்து இறங்கும் பிள்ளை முதலில் திறப்பது குழாயைத்தான். ஆகவே தோரணம், பேனர் வேலையெல்லாம் கடைசியில் இருக்கட்டும். ஒரு வாரம் முன்பே தண்ணீரில் கை வையுங்கள். மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை பரவுவது பெரும்பாலும் தண்ணீர் வழியாகத்தான்.

முதலில் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கணக்கிடுங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். அளவெல்லாம் மீட்டரில் இருக்க வேண்டும். விட்டம் 3, ஆழம் 4 என்றால் 28,260 லிட்டர். நாளாகப் புழங்காத கிணற்றுக்கு 1000 லிட்டருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடர் வேண்டும். இந்தக் கிணற்றுக்கு 140 கிராம் போதும். பிறகு வழக்கமாகப் போடும்போது இதில் பாதி.

பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழம்பாகக் கரைத்து, முக்கால் வாளி வரை நிரப்பிக் கலக்கி, 10 நிமிடம் அசையாமல் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிற்றில் கட்டிக் கிணற்றின் அடிவரை இறக்கி, மேலும் கீழுமாக நன்றாக அலசுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் மோட்டார் போட வேண்டும். போன வருடம் பிரித்து வைத்த பாக்கெட் ஈரக்காற்றில் வீரியம் இழந்திருக்கும், புதிதாக வாங்குங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

மேல்தொட்டியை முழுக்க வடித்து, வண்டலை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவிய பிறகே மோட்டார் ஓடட்டும். உள்ளே ஒருவர் இறங்கினால் வாசலில் இன்னொருவர் நிற்க வேண்டும். தொட்டி நிரம்பியதும் கடைக்கோடிக் குழாயைத் திறந்து, குளோரின் வாடை வரும்வரை ஓட விடுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். மாதக்கணக்கில் குழாயில் தேங்கிய தண்ணீர் முதல் ஆள் பல் துலக்கும்போதுதான் வெளியே வரும்.

மெஸ்ஸில் குடிதண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். வெந்நீர் சுடுகிறது என்று பச்சைத் தண்ணீரைக் கலந்து விளாவுவது கொதிக்க வைத்ததையே வீணாக்கும். கேரளத்தில் குடிதண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்கும் பதிமுகம் என்ற மரப்பட்டையைப் போட்டால், கோவை, பொள்ளாச்சியிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகள் இளஞ்சிவப்புத் தண்ணீரைத் துரு என்று நினைத்துக் கீழே கொட்டுவார்கள். பாத்திரத்தின் மேலேயே ‘பதிமுகத் தண்ணீர்’ என்று எழுதி ஒட்டுங்கள்.

முதல் வாரம் மட்ட அரிசியும் (கேரளத்துச் சிவப்புப் புழுங்கல் அரிசி) பொன்னியும் இரண்டுமே வேண்டும், தனித்தனி அண்டாவில். ஒன்றாகப் போட்டால் மட்ட வேகுமுன் பொன்னி குழைந்துவிடும். ஒரு வேளைக்குத் தலைக்கு 100 முதல் 125 கிராம் அரிசி கணக்கு வையுங்கள். எத்தனை பேர் என்பதை முந்தின நாள் மாலை வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வியாகக் கேளுங்கள்: ‘நாளை ராத்திரி சாப்பாட்டுக்கு இருப்பீங்களா?’ நாலு கேள்வி சேர்த்தால் பதில் வராது.

அறிவிப்புப் பலகை தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். மலையாள எழுத்து தெரியாத பிள்ளைக்குப் பஸ் போர்டே புரியாது. அடிக்கடி போகும் ஊர்ப் பெயர்களை இரண்டு எழுத்திலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பஸ் நேரத்தோடு வாசலில் ஒட்டுங்கள். ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522 வார்டன் அறையில் மட்டும் இருந்து பயனில்லை. படிக்கட்டிலும் குளியலறைக்குப் போகும் வழியிலும் ஒட்டுங்கள். பயந்த பிள்ளை யார் கண்ணிலும் படாமல் அதைப் பார்க்க முடிய வேண்டும். முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தனி மாடி கொடுங்கள்.

வரவேற்புக் கூட்டத்தை மூன்றாம் நாள் வையுங்கள். முதல் நாள் பாதிப் பேர் தமிழக எல்லையிலுள்ள வாளையார் தாண்டி வந்திருக்க மாட்டார்கள், வந்தவர்களுக்கும் பெட்டி பிரிக்கவே நேரம் சரியாக இருக்கும்.