தோட்டாவைத் தேடிப் பயிற்சியைத் தவறவிடுவோர்

சிங்கப்பூரில் சாதாரணக் குடிமகன் ஒருவர் தற்காப்பைக் காரணம் காட்டிக் கைத்துப்பாக்கி உரிமம் பெறலாம் என்று எதிர்பார்க்க முடியாது. ஆயினும் தற்காப்புத் துப்பாக்கி பற்றிய பேச்சு நம்மவரிடையே ஓய்வதில்லை. காவல்துறையில் தேசிய சேவையை முடித்தவர்கள், துணைக் காவல் படையில் பணிபுரிவோர், சுடும் கழக உறுப்பினர்கள், அமெரிக்காவில் குடியேறி அங்கே சட்டப்படி துப்பாக்கி வாங்கிய உறவினர்கள் எனப் பலரும் அதில் கலந்துகொள்கிறார்கள்; பேச்சு பெரும்பாலும் எந்தத் தோட்டா சிறந்தது என்பதிலேயே சுற்றுகிறது. அந்தக் கேள்விக்கு ஏறக்குறைய முடிவான விடை உண்டு. விடை கிடைத்த பிறகும் அதையே கேட்டுக்கொண்டிருப்பதுதான் முதல் தவறு.

இந்த வாதத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி 1986 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் மயாமியில் எஃப்பிஐ என்ற மத்தியப் புலனாய்வு அமைப்பின் அதிகாரிகளுக்கும் இரு கொள்ளையருக்கும் இடையே நடந்த துப்பாக்கிச் சண்டை. அதில் 2 அதிகாரிகள் இறந்தனர், 5 பேர் காயமடைந்தனர். கொள்ளையரில் ஒருவனுடைய கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்த 9 மில்லிமீட்டர் குண்டு, நுரையீரலைச் சிதைத்தும் இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் தொடர்ந்து சுட்டான். பழி தோட்டாவின் மேல் விழவே, எஃப்பிஐ முதலில் 10 மில்லிமீட்டருக்கும் பிறகு பாயிண்ட் 40 (0.40 அங்குல விட்டம்) தோட்டாவுக்கும் மாறியது. பெரிய தோட்டாவே தீர்வு என்று பலர் கதையை இங்கேயே முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் 2014இல் அதே அமைப்பின் பயிற்சிப் பிரிவு 9 மில்லிமீட்டருக்கே திரும்பலாம் என்று பரிந்துரைத்தது. குண்டுகளின் வடிவமைப்பு முன்னேறியிருந்ததால் காயத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பின்னுதைப்பு குறைவாக இருப்பதால் பெரும்பாலான அதிகாரிகள் அதில் இன்னும் விரைவாகவும் துல்லியமாகவும் சுட்டார்கள்.

ஆகவே தோட்டா ஒரு பொருட்டே இல்லை என்று சொல்வதும் தவறு; மயாமியில் அது பொருட்டாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒரு வரம்பைத் தாண்டினால் போதும். எஃப்பிஐ சோதனையில், துணி முதலிய தடைகளைக் கடந்தும் குண்டு, உடல் தசைக்கு ஈடாகப் பயன்படுத்தும் பத்து விழுக்காட்டு ஜெலட்டின் கூழுக்குள் 12 முதல் 18 அங்குலம், அதாவது சுமார் 30 முதல் 46 சென்டிமீட்டர் வரை செல்ல வேண்டும். அந்த வரம்புக்குள் வரும் தரமான ஹாலோ பாயிண்ட் (நுனியில் குழிவுள்ள, உடலில் பட்டதும் விரியும் குண்டு கொண்ட) தோட்டாக்களில் எதை வாங்கினாலும் பெரிய வேறுபாடு இராது. எங்கே பட்டாலும் ஒரே குண்டில் ஆளைச் சாய்க்கும் ‘ஸ்டாப்பிங் பவர்’ எந்தக் கைத்துப்பாக்கிக்கும் கிடையாது. இதயமே சிதைந்தாலும் ஒருவர் 10 முதல் 15 விநாடி வரை தாக்குதலைத் தொடர முடியும் என்று 1989இல் வெளிவந்த எஃப்பிஐ ஆவணம் கூறுகிறது. உடனடியாக நிற்கச் செய்வது மூளையிலோ மேல் தண்டுவடத்திலோ படும் குண்டு மட்டுமே. அங்கே கொண்டு சேர்ப்பது தோட்டாவின் விலை அல்ல, சுடுபவரின் கை.

குண்டு எதிரியைத் துளைத்துக்கொண்டு அப்பால் போய் வேறு யாரையாவது தாக்கிவிடுமோ என்ற கவலை நியாயமானது, ஆனால் அளவு மீறியது. நியூயார்க் காவல்துறைக்காக ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, துப்பாக்கிச் சண்டைகளில் அதிகாரிகள் சுட்ட குண்டுகளில் சராசரியாக 18 விழுக்காடுதான் இலக்கில் பட்டன. எதிராளி திருப்பிச் சுடாதபோதும் 30 விழுக்காடுதான். ஆளைத் துளைத்துப் போகும் குண்டைவிட, ஆளைத் தொடாமலே போகும் குண்டுகள் பல மடங்கு. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முதியோர் அமர்ந்திருக்கும் நம் ஊரை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

பயிற்சியிலும் தவறுகள் உண்டு. அசையாத தாள் இலக்கை நிதானமாகச் சுட்டுப் பழகியவர், ராணுவப் பேச்சில் குறி தவறுபவரைக் குறிக்கும் ‘போபோ’ என்ற பெயர் வாங்காமல் தப்பலாம். ஆனால் துப்பாக்கியை இடுப்பு உறையிலிருந்து எடுப்பது, மங்கிய வெளிச்சம், நகர்ந்தபடி சுடுவது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுடக்கூடாத தருணத்தை அறிந்து விரலை விசையிலிருந்து விலக்கி வைப்பது ஆகியவை அதில் வருவதில்லை. ஐந்து தோட்டா ரிவால்வருக்குப் பழகிய அதிகாரி கிளாக் 19 பிஸ்டலுக்கு மாறும்போது விசையின் இழுப்பும் அடைப்பை நீக்கும் முறையும் மாறுகின்றன. அதைக் கை மறுபடி கற்க வேண்டும். தோட்டா இல்லாத துப்பாக்கியில் விசையை இழுத்துப் பழகுவது செலவில்லாத நல்ல பயிற்சி, ஆனால் அந்த அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது.

அமெரிக்க உறவினர்கள் அடிக்கடி செய்வது இன்னொன்று: மலிவான தோட்டாவில் பழகிவிட்டு, ஒருமுறைகூடச் சுட்டுப் பார்க்காத விலையுயர்ந்த தோட்டாவை நிரப்பிக்கொள்வது. அந்தத் துப்பாக்கி அதைச் சிக்காமல் ஏற்கிறதா, குறி விலகுகிறதா என்பதைச் சுட்டால்தான் அறியலாம். குட்டைக் குழல் கொண்ட பாயிண்ட் 38 ரிவால்வரில் வேகம் குறைவதால் பல ஹாலோ பாயிண்ட் குண்டுகள் விரிவதே இல்லை. அதேபோல், நாள்தோறும் ஒரே தோட்டாவைத் துப்பாக்கியின் அறைக்குள் ஏற்றி இறக்கினால் குண்டு தோட்டாவின் உறைக்குள் சற்றுச் சற்றாக அமுங்கி, சுடும்போது அழுத்தம் அபாயகரமாக உயரக்கூடும்.

அந்த உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள், சுடுதளத்தில் எடுத்த தோட்டாவை நினைவுப்பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு சாங்கி விமான நிலையத்தில் இறங்க வேண்டாம். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கப்படலாம். தேசிய சேவையில் ஒவ்வொரு முறையும் சுட்டு முடித்தபின், தோட்டாவோ வெற்று உறையோ தம்மிடம் இல்லை என்று வீரர்கள் உறுதிமொழி சொல்ல வேண்டியிருப்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.