லீவில் ஊருக்கு வந்து ஆதார் எடுப்பது எப்படி: வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

பதினொரு ஆண்டாக மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவில் ஆதார் முகாம் போட்டபோது நான் ஊரில் இல்லை. அதன் பிறகும் ஒவ்வொரு லீவிலும் தள்ளிப்போட்டே வந்தேன். போன ஜூன் மாதம் நானும் மனைவியும் கும்பகோணத்தில் ஒரு வழியாகப் பதிவு செய்து முடித்தோம். எங்கெல்லாம் சிக்கினோமோ அவற்றைத்தான் விரிவாக எழுதுகிறேன். படிவம் நிரப்புவது, கைரேகை வைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதலில், உங்களுக்கு ஆதார் வேண்டுமா?

இதை யோசிக்காமல் மையத்துக்குப் போகாதீர்கள். இந்தியக் குடிமகனாக இருந்தாலும் வெளிநாட்டில் வசிப்பவர் ஆதார் எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வங்கிக் கணக்குக்கும் மொபைல் இணைப்புக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

பலர் பயப்படுவது பான் அட்டையை நினைத்து. 2017 மே 11 அன்று வந்த வருமான வரி அறிவிப்பு, பான்–ஆதார் இணைப்பிலிருந்து என்.ஆர்.ஐ.களுக்கு (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கு) விலக்கு தந்தது. ஆனால் அதன் வாசகத்தைக் கவனியுங்கள்: ஆதார் எண்ணோ பதிவு எண்ணோ இல்லாத என்.ஆர்.ஐ.க்குத்தான் அந்த விலக்கு. ஆதார் கைக்கு வந்துவிட்டால் அந்த நிழலில் நிற்க முடியாது, பானோடு இணைத்துவிட வேண்டும். ஆதார் எடுக்காமலே இருந்தாலும், வரித் துறையின் இணையதளத்தில் உங்கள் குடியிருப்பு நிலை என்.ஆர்.ஐ. என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பதிவில் உள்ளூர்வாசி என்றே இருந்ததால் 2023 ஜூலைக்குப் பிறகு பல என்.ஆர்.ஐ.களின் பான் செயலிழந்து போனது.

அப்பாவின் காலத்துக்குப் பிறகு அம்மாவின் காகிதங்களை எல்லாம் நான்தான் பார்க்க வேண்டியிருந்தது. கேட்ட இடத்திலெல்லாம் ஆதார் என்றார்கள். அதனால் எடுத்தேன். உங்களுக்கு அப்படி ஒரு தேவை இல்லையென்றால் நிதானமாக முடிவு செய்யுங்கள்.

மையத்துக்குப் போகும் முன்

முன்பு 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2019 பட்ஜெட்டில் அறிவித்த பிறகு, இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்.ஆர்.ஐ.களுக்கு அது நீங்கிவிட்டது. வந்து இறங்கிய மறுநாளே பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

ஆனால் 18 வயது தாண்டியவர்களின் புதுப் பதிவை எல்லா மையமும் எடுப்பதில்லை. நாங்கள் வெயிலில் இரண்டு இடம் அலைந்து, மூன்றாவது இடத்தில்தான் உட்கார முடிந்தது. ஊருக்குள் இருந்து ஆதார் உதவி எண்ணான 1947-க்கு அழைத்தால் தமிழிலேயே பேசுவார்கள். பெரியவர்களுக்குப் புதுப் பதிவு எங்கே நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அடையாளத்துக்கு, செல்லுபடியாகும் இந்திய பாஸ்போர்ட் கட்டாயம். என் பாஸ்போர்ட்டை மஸ்கட்டில் புதுப்பித்தபோது அந்த ஊர் முகவரியே அச்சாகியிருந்தது. கும்பகோணம் முகவரி வேண்டுமென்றால் அதற்குத் தனி ஆவணம் காட்டச் சொன்னார்கள், மறுநாள் திரும்பப் போனோம். 2024 ஜனவரியில் வந்த மாற்றத்தின்படி, இந்திய முகவரிக்கு ஆவணம் வைத்திருக்கும் பெரியவர்களுக்குப் படிவம் 1. வெளிநாட்டு முகவரிக்கான ஆவணம் மட்டும் இருந்தால் படிவம் 2, அதற்கு மின்னஞ்சல் முகவரி கட்டாயம். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை இன்றே ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

திரையைப் படியுங்கள்

உட்கார்ந்ததும் நீங்கள் என்.ஆர்.ஐ. என்பதைச் சொல்லி, அப்படியே பதியச் சொல்லுங்கள். அதற்கான உறுதிமொழியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம் பெயர். பாஸ்போர்ட்டில் உள்ளதுதான் ஆதாரிலும் வரும். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பான் அட்டையில் அதுவே முன்பின்னாக மாறி நிற்கும். பான்–ஆதார் இணைப்பு சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எதை எதற்கு ஏற்பத் திருத்துவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான்.

ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ததும் மென்பொருள் தானாகவே தமிழில் மாற்றிக் காட்டும். என் மனைவி பெயர் தமிழரசி. பாஸ்போர்ட்டில் அதை எல் எழுத்துப் போட்டு எழுதியிருப்பார்கள். திரையில் வந்தது ‘தமிலரசி’. நம் பக்கம் திருப்பி வைத்திருந்த அந்தச் சின்னத் திரையை அவள் உற்றுப் பார்த்து, "அண்ணே, ழ போடுங்க" என்றாள். பதிவு செய்தவரும் பொறுமையாக அழித்துத் திருத்திக் கொடுத்தார். பின்னால் கூட்டம் நிற்கிறதே என்று தலையாட்டிவிட்டால், ஒரு எழுத்துக்காக அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டும்.

மொபைல் எண்: என்னைப் பொறுத்தவரை எல்லாமே இதில்தான்

வெளிநாட்டு எண்ணை நாங்கள் கொடுக்க முடியவில்லை, இந்திய எண்தான் வேண்டும். மின்–ஆதாரை (ஆதாரின் பிடிஎஃப் வடிவம்) தரவிறக்குவது, ஆதாரைப் பூட்டுவது, திறப்பது எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

வெளிநாடு போன புதிதில் என் பழைய இந்திய எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டேன். அது வங்கிக் கணக்கோடு இணைந்திருந்தது. ஒருநாள் அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். யாரோ ஒரு பெரியவர் எடுத்தார், பின்னால் குழந்தை அழும் சத்தம். எண் அவருடையதாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. அவர் நல்ல மனிதர். ஆனால் என் வங்கி அனுப்பும் ஒவ்வொரு ஓடிபியும் அவர் கையில் விழுந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. முடக்கிய எண்ணைக் குறைந்தது 90 நாள் வேறு யாருக்கும் தருவதில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் அதற்குப் பிறகு தரலாம்.

அதனால் உங்கள் பெயரில் உள்ள சிம்மையே கொடுங்கள். டிராவல்ஸ்காரர் எண், தம்பியின் நண்பன் எண் என்று கொடுக்காதீர்கள். விமானம் ஏறும் முன் ரோமிங்கை இயக்கி வையுங்கள், சில சிம்களில் அதை வெளிநாட்டிலிருந்து இயக்க முடியாது. நான் இரட்டை சிம் போனில் இரண்டாவது இடத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன். ரீசார்ஜ் தேதியை நாட்காட்டியில் குறித்திருக்கிறேன். மஸ்கட்டில் என் எண்ணுக்கு ஓடிபி வருவதற்குக் காசு எடுக்கவில்லை.

ஒப்புகைச் சீட்டும் ஜெராக்ஸ் கடையும்

பதிவு முடிந்ததும் தரும் சீட்டில் 14 இலக்கப் பதிவு எண்ணும் தேதி, நேரமும் இருக்கும். உடனே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அந்தத் தாளின் மை சீக்கிரம் மங்கிவிடும். பெரியவர்களுக்குப் பதிவுக்குப் பிறகு சரிபார்ப்பு உண்டு, அவசரப்பட்டுப் பயனில்லை. எங்களுக்கு ஏழு வாரம் ஆனது, அதற்குள் மஸ்கட் திரும்பிவிட்டோம்.

பாஸ்போர்ட் நகல் எடுக்கப் போன கடையில் கணினித் திரையைப் பார்த்தேன். முகப்பு முழுக்க ஆதார் பிடிஎஃப்கள், ஊர்ப் பெண்களின் பெயர்கள், ஒரு குழந்தையின் படம். கடைக்காரரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, யாரும் அழிக்கச் சொன்னதில்லை, அவ்வளவுதான். மின்–ஆதாரை உங்கள் சொந்தப் போனிலோ மடிக்கணினியிலோ மட்டும் தரவிறக்குங்கள். கடையில் அச்செடுத்தே ஆக வேண்டுமென்றால், கோப்பை உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

தரவிறக்கும்போது மறைக்கப்பட்ட ஆதார் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும். விடுதி, வாடகை வீடு, கூரியர் என எதற்கும் நான் இதைத்தான் கொடுக்கிறேன். கடவுச்சொல் உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், பிறகு பிறந்த ஆண்டு. பெயர் இனிஷியலோடு தொடங்கினால் அந்தப் புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கு. பி. குமார் என்றால் பி, புள்ளி, கே, யூ. இடைவெளியை விட்டுவிடுங்கள்.

கடைசியாகப் பூட்டு

வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்தியாவில் கைரேகை வைக்கும் வேலையே இல்லை. அப்படியிருக்க அதை ஏன் திறந்து வைக்க வேண்டும்? பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகையை நகலெடுத்து, ஆதார்வழிப் பணம் எடுக்கும் கருவியில் வைத்துத் திருடிய வழக்குகள் 2023-ல் பல மாநிலங்களில் வந்தன. அரசின் ஆதார் செயலியிலோ ஆதார் இணையதளத்திலோ பயோமெட்ரிக் (கைரேகை, கருவிழி) பூட்டை இயக்குங்கள். ஓடிபி வழி வேலைகள் வழக்கம்போல நடக்கும். எங்கள் இருவருக்கும் ஆதார் வந்த அன்றே பூட்டிவிட்டேன். லீவில் தேவைப்பட்டால் திறந்துகொள்ளலாம்.

ஆதார் எண்ணையே பூட்டவும் வழி உண்டு. அதற்கு, ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய 16 இலக்க மெய்நிகர் எண்ணை முதலில் உருவாக்க வேண்டும். திறக்கும்போதும் அதே எண் தேவைப்படும், பத்திரமாக எழுதி வையுங்கள். எங்கெங்கே உங்கள் ஆதாரைச் சரிபார்த்திருக்கிறார்கள் என்ற வரலாறும் அதே தளத்தில் ஆறு மாதத்துக்குக் கிடைக்கும். மாதம் ஒருமுறை பார்க்கிறேன்.

பின்சேர்க்கை: சிங்கப்பூர் வாசகர் ஒருவர், மனைவி ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருக்கிறார், இதே வழிதானா என்று கேட்டிருந்தார். இல்லை. ஓ.சி.ஐ.காரர்கள் விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாளாவது இந்தியாவில் இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு பின்சேர்க்கை: குழந்தைகளைப் பற்றிப் பலர் கேட்டார்கள். என்.ஆர்.ஐ. பிள்ளைகளுக்கும் இந்திய பாஸ்போர்ட் கட்டாயம். ஐந்து வயதுக்குள் என்றால் கைரேகை எடுக்க மாட்டார்கள். ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் புதுப்பிக்க வேண்டும், அந்த ஆண்டுகளின் லீவை அதற்கேற்பப் போட்டுக்கொள்ளுங்கள்.