வேப்பம்பருப்புக் கரைசல்: வீரியம் கெடாமல் தயாரிக்கும் முறை

வேப்பம்பருப்பில் பூச்சிகளுக்கு எதிராக வேலை செய்யும் சேர்மங்களில் முதன்மையானது அசாடிராக்டின். 1968-இல் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்ட இதன் மூலக்கூறு அவ்வளவு சிக்கலானது என்பதால், ஆய்வகத்தில் அதை முழுமையாக உருவாக்குவது 2007-இல்தான் கைகூடியது. வெயில், சூடு, காரத்தன்மை ஆகிய மூன்றும் அதைச் சிதைத்துவிடும். கரைசல் பலிக்கவில்லை என்பவர்களிடம் செய்முறையைக் கேட்டால், பெரும்பாலும் இவற்றில் ஒன்று எங்கோ நுழைந்திருக்கும்.

எனவே கவனம் கொட்டையிலிருந்தே தொடங்க வேண்டும். பழுத்து உதிர்ந்த பழங்களின் சதையை நீக்கிக் கழுவி, கொட்டைகளை நிழலில் நன்றாக உலர்த்துங்கள். ஈரம் போகாமல் கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். சேமிக்க, காற்றோட்டமுள்ள சணல் சாக்கு பிளாஸ்டிக் பையைவிட நல்லது. ஓராண்டைத் தாண்டிய கொட்டையை நம்ப வேண்டாம். சிலவற்றை உடைத்துப் பார்த்து, உட்புறம் கறுத்தோ பூசண வாடை வீசியோ இருந்தால் அந்தச் சாக்கையே ஒதுக்கிவிடலாம்.

5 சதவீதக் கரைசலுக்கு லிட்டருக்கு 50 கிராம் பருப்பு தேவை. அதாவது, 10 லிட்டர் தெளிப்பானுக்கு 500 கிராம். இது ஓடு நீக்கிய எடை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பருப்பை உரலில் கொரகொரப்பாக இடித்தால் போதும். மிக்ஸியில் நைசாக அரைத்தால் சூடேறி எண்ணெய் பிரியும், துணியும் அடைத்துக்கொள்ளும். இடித்ததை மெல்லிய துணியில் தளர்வாக முடிந்து, ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். சாறு வேகமாக இறங்கட்டும் என்று வெந்நீர் ஊற்றுவது முதலுக்கே மோசம். மறுநாள் முடிச்சை அதே நீரில் அமுக்கி அமுக்கிப் பிழியுங்கள். முதலில் பால்போல் வெண்மையாக வரும் சாறு, வெளிர்பழுப்பாக மாறும்வரை பிழிய வேண்டும். பிறகு வடிகட்டி, 10 லிட்டராகப் பெருக்கிக்கொள்ளலாம். எஞ்சிய சக்கையை மண்ணில் கலந்துவிடலாம்.

இலையில் ஒட்டுவதற்கு 20 கிராம் சோப்பைத் தனியே கரைத்து, தெளிக்கும் வேளையில் மட்டும் சேர்க்க வேண்டும். சோப்பும் காரத்தன்மை உடையதுதான் என்பதால், கலந்த கரைசலை வைத்திருக்கலாகாது. தண்ணீரே காரமாக இருந்தால், லிட்மஸ் தாளில் பார்த்து, சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளலாம். முதன்முறையாக ஒரு பயிருக்குத் தெளிப்பதென்றால், நான்கைந்து இலைகளில் மட்டும் தெளித்து, கருகல் வருகிறதா என்று ஓரிரு நாள் பாருங்கள்.

மாலை வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்புறம் நனையுமாறு தெளியுங்கள். தேனீக்கள் கூடு திரும்பியிருக்கும் நேரமும் அதுவே. தெளிப்பானைக் குளத்தருகே கழுவ வேண்டாம், மீன்களுக்கு அது ஆகாது.

மறுநாள் காலையில் புழுக்கள் செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். இந்தச் சேர்மம் புழுவை உடனே கொல்வதில்லை. தின்பதை நிறுத்துகிறது, தோலுரிப்பதற்கான ஹார்மோனைக் குலைக்கிறது. சில நாட்களில், பழைய தோலிலிருந்து பாதி மட்டும் வெளிவந்து மாட்டிக்கொண்ட புழுக்களைக் காணலாம். பருத்து வளர்ந்த புழுக்களிடம் பலன் குறைவு. ஆகவே முட்டை பொரிந்த பருவத்திலேயே தொடங்கி, 7 முதல் 10 நாள் இடைவெளியில் மீண்டும் தெளியுங்கள். செத்த புழுக்களை எண்ணுவதைவிட, புதிதாக விரிந்த இலைகளில் ஓட்டை விழுகிறதா என்று பார்ப்பதே சரியான அளவுகோல்.