சென்சாரைக் கழற்றும் முன் அம்புக்குறியைப் படமெடுங்கள்

எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ஏர் இன்டேக் குழாயை வெளிக்கடையில் வாங்கிக் காரில் பொருத்துவதானால், அந்தக் காற்றின் அளவை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைப் பழைய குழாயிலிருந்து கழற்றுவதற்கு முன்பே, அதன் மீதுள்ள அம்புக்குறியைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, புதிய குழாயிலும் அம்பு எஞ்சின் பக்கம் நோக்கும்படியே மாட்டுங்கள். சென்சாருக்குள் இருக்கும் சூடான மெல்லிய கம்பியை, கடந்து செல்லும் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதைக் கொண்டே எஞ்சின் கணினி எரிபொருளைக் கணக்கிடுகிறது. ஆகவே சென்சாரைத் திருப்பி மாட்டினாலோ, அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங் மடங்கி அந்த இடுக்கு வழியே காற்று புகுந்தாலோ, வண்டி நிற்கையில் எஞ்சின் ஓடும் ஐடிலிங் தடுமாறி, செக் எஞ்சின் விளக்கும் எரியக்கூடும். சென்சார் அமரும் இடத்தில் குழாயின் உள்விட்டமும் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். விற்பவர் வாய்ச்சொல்லை நம்புவதைவிட வெர்னியர் அளவுகோல் வைத்து நாமே அளந்துவிடுவது மேல்.

ஆடிக் காற்றில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் பறக்கும் புழுதிக்கு அஞ்சி எண்ணெய் தடவிப் பயன்படுத்தும் ஏர் ஃபில்டர் போடுபவர்கள், எண்ணெயைச் சொட்டச் சொட்டத் தடவினால் அது சென்சாரின் அந்தக் கம்பியிலேயே போய்ப் படியும். படிந்துவிட்டால் அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் அடித்து, காயவிட்டு மாட்டுங்கள். விரலோ துணியோ படக்கூடாது.

மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாமல், காற்றழுத்தத்தை அளக்கும் மேப் (MAP) சென்சார் மட்டுமே உள்ள பெட்ரோல் கார்களுக்கு இந்த அம்புக்குறி வேலை கிடையாது. அவற்றில் சிலவற்றுக்குக் குழாயில் செருகியிருக்கும் வெப்பநிலை சென்சாரை மட்டும் மாற்றிப் பொருத்த வேண்டியிருக்கும்.