பார்சல் போன்: நான் செய்த தவறும் இன்னும் எல்லோரும் செய்கிற தவறும்

போன புதன்கிழமை சாயங்காலம் கீழ் வீட்டுக்கு முருங்கைக்காய் கொடுக்கப் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. சாப்பாட்டு மேஜையில் ஆதார் கார்டு, பாஸ்போர்ட், இரண்டு பாஸ்புக். தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அந்த அம்மா நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். திரையில் காக்கிச் சட்டை. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். நான் போனை எடுத்து அணைத்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா, நான்தான் ஒண்ணும் பண்ணலையே! அதை எழுதிக் கொடுத்துட்டா விட்டுடறேன்னு சொன்னாரு. இன்னும் ரெண்டே பக்கம்தான் பாக்கி."

2023 நவம்பரில் நானும் இதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வங்கியில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் பெயரில் போதைப் பார்சல் பிடிபட்டிருக்கிறது என்று போலீஸ் வேஷத்தில் போன் செய்த மோசடிக் கும்பலுக்கு, 3,40,000 ரூபாயை என் கையாலேயே ஃபாரம் எழுதி அனுப்பினேன். அதற்கப்புறம் இங்கே பெங்களூர் ராமமூர்த்தி நகரில் யாருக்கு இப்படிப் போன் வந்தாலும் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் நான் செய்ததையே செய்துவிட்டு வருகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஓடிபி சொல்லாதீர்கள், தெரியாத ஆப் ஏற்றாதீர்கள் என்பதெல்லாம் இப்போது குழந்தைக்குக்கூடத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். என் பணம் ஓடிபி கேட்காமலேதான் போனது.

விளக்கம் சொல்ல உட்கார்வது

எனக்கு வந்த போனில் முதலில் ஒரு பதிவுக் குரல். உங்கள் பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, விவரத்துக்கு ஒன்றை அழுத்துங்கள் என்றது. அழுத்தினேன். ஒருவன் வந்தான். மும்பையிலிருந்து தைவானுக்கு என் பெயரில் போன பார்சலை கஸ்டம்ஸ் பிடித்திருக்கிறதாம். உள்ளே 5 பாஸ்போர்ட், 3 கிரெடிட் கார்டு, கொஞ்சம் துணி, 200 கிராம் எம்டிஎம்ஏ என்ற போதைப்பொருள்.

நான் அனுப்பவே இல்லை என்றேன். மிரட்டுவான் என்று நினைத்தேன். அவன் மிரட்டவில்லை. "புரிகிறது மேடம், உங்கள் ஆதாரை யாரோ தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நீங்களே மும்பை சைபர் கிரைமில் புகார் கொடுத்துவிட்டால் உங்களுக்குப் பாதுகாப்பு, லைனை மாற்றித் தருகிறேன்" என்றான், நல்ல ஆங்கிலத்தில், மரியாதையாக. அங்கேதான் விழுந்தேன். குற்றவாளியாக யாரும் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை. புகார் கொடுக்கப்போகிற நினைப்பில் நானாகவே நடந்து போனேன். கூரியர் ஆபீஸிலிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு லைன் மாற்றித் தரும் ஏற்பாடு எங்கேயும் கிடையாது. இது அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

அடுத்து வந்தவன் "இரண்டு மணி நேரத்தில் அந்தேரி ஆபீஸுக்கு நேரில் வாருங்கள்" என்றான். பெங்களூரிலிருந்து அது நடக்காத காரியம் என்று அவனுக்குத் தெரியும். முடியாது என்றால் வீடியோவில் வாக்குமூலம். பெங்களூர்க்காரருக்கு மும்பை, மும்பைக்காரருக்கு டெல்லி என்று தூரத்து ஊராகப் பார்த்துச் சொல்வது இதற்காகத்தான். அப்போது ஸ்கைப்பில் வரச் சொன்னார்கள். 2025 மே மாதம் ஸ்கைப்பை மூடிவிட்டார்கள், இப்போது எல்லாம் வாட்ஸ்அப்.

பிறகு கேள்விகள். எத்தனை வங்கியில் கணக்கு? எஃப்டி உண்டா? எந்தக் கணக்கு உங்களுடையது என்று சொன்னால்தான் மற்றதை மோசடிக் கணக்கு என்று பிரிக்க முடியும் என்றான். நியாயமாகத்தான் பட்டது. ஒவ்வொன்றாகச் சொன்னேன், பைசா சுத்தமாக. வட்டி எந்தக் கணக்கில் விழும் என்றுகூடச் சொன்னேன். நான் எவ்வளவு உண்மையாக இருந்தேனோ அவ்வளவுக்கு அவன் வேலை சுலபமானது. திருட்டுப் பார்சல் அனுப்பியவனுக்கு இந்தப் போன் வந்திருந்தால் அந்த நிமிஷமே சிம்மைக் கழற்றியிருப்பான். மடியில் கனமில்லாதவர்கள்தான் ஆறு மணி நேரம் உட்கார்ந்து பதில் சொல்கிறோம்.

கடைசியில், பணம் சுத்தமானதா என்று ரிசர்வ் வங்கி பார்க்க வேண்டும், அரை மணியில் திரும்பி வரும் என்றார்கள். போனைக் கைப்பையில் போட்டு, அழைப்பைத் துண்டிக்காமல், கிளைக்குப் போகச் சொன்னார்கள். போனேன். கவுண்டரில் என் பெண் வயசுப் பெண் ஒருத்தி. ஆர்டிஜிஎஸ் ஃபாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "மேடம், இது ஏதோ டிரேடிங் கம்பெனி பேர்ல இருக்கே, யாருக்கு அனுப்பறீங்க?" என்றாள். அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். நானும் அந்த நாற்காலியில் இருந்தபோது கேட்டிருக்கிறேன். சொல்லிக் கொடுத்திருந்தபடி "வீட்டு வேலை நடக்குது, டைல்ஸுக்கு" என்றேன். ரிசர்வ் வங்கி தனிமனிதர்களிடமிருந்து சரிபார்ப்புப் பணம் வாங்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்தப் பெண் எனக்கு உதவ வந்தவள் என்பது தெரியவில்லை, என் பெயரைச் சுத்தமாக்கும் வேலைக்குக் குறுக்கே நிற்கிறாள் என்றுதான் தோன்றியது. பணம் போனதைவிட அவளிடம் பொய் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

இன்னொரு விஷயம். ஏமாற்றி வாங்கினாலும் நாமே அனுப்பிய பணம் அது. நம் தவறு இல்லாமல், நமக்குத் தெரியாமல் எடுத்த பணம் என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நம் தலையில் பொறுப்பு விழாது என்று ரிசர்வ் வங்கியின் 2017 விதி இருக்கிறது. நாமே கையெழுத்துப் போட்டு அனுப்பியதற்கு அந்த விதியைக் காட்டி வங்கியிடம் கேட்க முடியாது.

வீடியோ அழைப்பிலேயே கைது செய்து வைத்திருக்கிறோம் என்பார்களே, அந்த "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று மன் கீ பாத்தில் பிரதமரே இதைச் சொன்னார். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெண்களையும் 60 வயது தாண்டிய ஆண்களையும் சாட்சி விசாரணைக்காக அவர்கள் வசிக்கும் இடத்தை விட்டு வேறெங்கும் வரச் சொல்லிப் போலீஸ் கட்டாயப்படுத்த முடியாது. சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்வது, மாஜிஸ்திரேட் அனுமதியோடு, விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டுமே. "இன்னிக்கு ராத்திரியே வீட்டுக்கு ஆள் வரும்" என்று கீழ் வீட்டு அம்மாவை மிரட்டியிருக்கிறார்கள். கஸ்டம்ஸிலிருந்து நிஜமாகவே கடிதம் வந்தால் அதில் டின் (DIN) என்ற ஆவண அடையாள எண் இருக்கும், அந்தத் துறையின் தளத்திலேயே சரிபார்க்கலாம்.

இதையெல்லாம் அவனிடம் சொல்லி வாதாட வேண்டாம். சட்டப் பிரிவு சொல்வதும் பேச்சுக் கொடுப்பதுதான். நம் வீடுகளில் ஒருவர் பேசும்போது போனை வைப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்திருக்கிறோம், கை வராது. வாக்கியத்தின் நடுவிலேயே வைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப அடிப்பான், எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் 19 தடவை. போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போங்கள்.

யாரிடமும் சொல்லாமல் இருப்பது

ரகசிய விசாரணை, வெளியே சொன்னால் குடும்பமும் உள்ளே போகும் என்பார்கள். என் கணவர் பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு அடி தூரம்.

திரையில் தெரியும் நம்பரை நம்புவது

இன்டர்நெட் வழியாக அழைத்து எந்த எண் வேண்டுமானாலும் தெரிகிற மாதிரி செய்கிறார்கள். பெயரும் படமும் போலீஸ் சின்னமும் யாரும் வைத்துக்கொள்ளலாம். நிஜமாகவே பார்சல் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் டிராக்கிங் நம்பரைக் கேட்டு வாங்கி, போனை வைத்துவிட்டு, அந்தக் கூரியரின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். கூகுளில் "கஸ்டமர் கேர்" என்று தேடி முதலில் வரும் எண்ணுக்கு அடிக்காதீர்கள். அங்கேயும் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

டெலிவரி பையன் சொன்னான் என்று *21* அடிப்பது

இதில் படித்த பிள்ளைகள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். மூன்றாவது மாடியில் இருக்கும் தம்பி, வொயிட்ஃபீல்டில் சாப்ட்வேர் வேலை. "அட்ரஸ் கிடைக்கலை சார், இந்த நம்பரை அடிச்சா டெலிவரி ஆளோட கனெக்ட் ஆகும்" என்று போன். *21* போட்டு ஒரு பத்து இலக்க எண், கடைசியில் #. அடித்தார். அவருக்கு வரவேண்டிய அழைப்பெல்லாம் வேறு ஒருவனுக்குப் போக ஆரம்பித்தது. வங்கி குரல் வழியாகச் சொல்லும் ஓடிபியும் அங்கேதான் போகும், வாட்ஸ்அப் கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். "ஆன்ட்டி, நான் எந்த லிங்க்கையும் தொடலையே" என்று வந்து நின்றார். *#21# அடித்தால் எல்லா அழைப்பும் எங்காவது திருப்பப்பட்டிருக்கிறதா என்று தெரியும். ##002# அடித்தால் எல்லாத் திருப்பலும் ரத்தாகும். அவருக்கு அன்று அதுவே போதுமானதாக இருந்தது. இரண்டையும் உங்கள் போனில் இப்போதே பார்த்துவிடலாம்.

அஞ்சு ரூபாய்தானே என்று கட்டுவது

அஞ்சு ரூபாய் கட்டினால் பார்சல் வந்துவிடும் என்று லிங்க் அனுப்புவார்கள். அவர்களுக்கு வேண்டியது உங்கள் கார்டு நம்பர்.

விடியட்டும் என்று காத்திருப்பது

சாயங்காலம் ஐந்தரைக்கு எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் காலை 11 மணிக்குத்தான் கிளைக்குப் போனேன். இடையில் முழு ராத்திரி, யாரிடமும் சொல்லாமல், பிள்ளைகள் என்ன சொல்வார்களோ என்று. போன பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. கமிஷனுக்காக வாடகைக்கு விட்ட கணக்குகள் வழியாகத் துண்டு துண்டாகப் பிரிந்து ஏடிஎம்மில் எடுக்கப்படும். சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930-க்கு உடனே அடித்தால், பணம் நிற்கும் வங்கிக்குத் தகவல் போய் அங்கேயே முடக்குவார்கள். என் விஷயத்தில் முடக்க மிச்சம் இருந்தது 46,000 ரூபாய். அது கைக்கு வரவும் கோர்ட் உத்தரவு வேண்டியிருந்தது.

1930 கிடைக்காவிட்டால் விடாமல் அடியுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண், எந்தக் கணக்கிலிருந்து என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வேலை வேகமாக நடக்கும். பெங்களூரில் சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றங்களுக்கென்று சென் (CEN) போலீஸ் ஸ்டேஷன் தனியாக இருக்கிறது, எஃப்ஐஆருக்கு அங்கே போகலாம். ஆனால் முதலில் 1930. பணம் போகாமல் அழைப்பு மட்டும் வந்திருந்தால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம். கீழ் வீட்டு அம்மாவும் நானும் அன்றே உட்கார்ந்து அதைச் செய்தோம். அவர் எழுதிய நான்கு பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர்கள் என்னென்ன கேட்டார்கள் என்பது அதில் வரிசையாக இருக்கிறது.

பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று வரும் அடுத்த போன்

அதுவும் அவர்கள்தான். எனக்கு இரண்டு தடவை வந்தது.