கத்திரி படும் முன்னே: உள்ளே வரும் துணியைச் சோதிப்பதில் நடக்கும் தவறுகள்

திருப்பூரில் துணி பில்லின் அடியில் ஒரு வரியை அடிக்கடி பார்க்கலாம்: வெட்டிய துணிக்கு நாங்கள் பொறுப்பல்ல. அதில் நியாயமும் இருக்கிறது. ரோலாக இருக்கும் வரை குறை டையிங்காரருடையது, நிட்டிங்காரருடையது. டேபிளில் விரித்துக் கத்தி இறங்கிவிட்டால் அது நம்முடையது. ஆனாலும் பல பனியன் கம்பெனிகளில் தைத்து முடித்த பீஸைப் புரட்டிப் பார்க்க ஒரு வரிசையே உட்கார்ந்திருக்கும். உள்ளே வரும் துணிக்கோ, எடை போட்டு டி.சி.யில் (சரக்கோடு வரும் டெலிவரி சீட்டு) கையெழுத்துப் போடுவதோடு சரி.

அந்த எடையே முழு உண்மையைச் சொல்லாது. பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வணிகக் கணக்கில் பருத்தி நூலுக்கு 8.5 சதவீத ஈரம் இயல்பு என்று வைத்திருக்கிறார்கள். சரியாகக் காயாமல் வந்த துணியில் அதற்கு மேல் இருப்பது வெறும் தண்ணீர். அதற்கும் சேர்த்துத்தான் கிலோ கணக்குப் போகிறது.

ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில், குறைந்து வந்தால் எல்லோரும் சத்தம் போடுவார்கள். கூடி வந்தால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. "கனமாத்தானே இருக்கு, பையர் சந்தோஷப்படுவான்" என்று விட்டுவிடுகிறார்கள். இதைவிட நஷ்டமான சந்தோஷம் கிடையாது. 180 ஜி.எஸ்.எம். கேட்டு 1,000 கிலோ வாங்கினால் சுமார் 5,555 சதுர மீட்டர் கிடைக்க வேண்டும். 190-ல் வந்தால் 5,263 தான். ஏறக்குறைய 290 சதுர மீட்டர் துணி லாரியில் ஏறவே இல்லை. பீஸ் குறையும்போது பழி கட்டிங் மாஸ்டர் தலையில் விழும்.

ஜி.எஸ்.எம். பார்ப்பது பார்க்கத்தான் சுலபம். வட்டக் கட்டர் 100 சதுர சென்டிமீட்டர் துண்டு வெட்டும்; கிராமில் வரும் எடையை நூறால் பெருக்கினால் முடிந்தது. 1.82 கிராம் என்றால் 182. அதாவது 0.01 கிராம் பிசகினாலே ஒரு ஜி.எஸ்.எம். மாறிவிடும். இவ்வளவு நுணுக்கமான தராசை ஓடுகிற ஃபேனுக்கு அடியில் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. மழுங்கிய பிளேடும் குழி விழுந்த அடி அட்டையும் வட்டத்தின் விளிம்பைப் பிய்த்து எடுக்கும். அப்புறம், ரோலின் நுனியில் ஒரே ஒரு வட்டம் வெட்டி ரிப்போர்ட் எழுதுவது. இறுக்கிச் சுற்றிய ரோலில் துணி இழுபட்டிருக்கும், எண் குறைத்துக் காட்டும். கொஞ்சம் உள்ளே போய், துணியைப் பிரித்து ஆறவிட்டு, இடது, நடு, வலது என்று வெட்டினால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

எந்த ரோலை எடுப்பது என்பதிலும் பெரிய ஓட்டை இருக்கிறது. "பத்து சதவீதம் பார்த்தாச்சு" என்பார்கள். எதில் பத்து? லாரியில் மொத்தம் 60 ரோல், அதில் ஆறு. ஆனால் அந்த லாரியில் நாலு டையிங் லாட் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய துணி ஒரு லாட்) கலந்து வந்திருக்கும். ஆறு ரோலும் மேலே கிடந்த ஒரே லாட்டாக இருக்கலாம். முதலில் லாட் வாரியாகப் பிரித்து அடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு லாட்டிலிருந்தும் நாமே ரோலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இறக்குகிறவர் கைக்கு வசதியாகக் கொடுப்பது சாம்பிள் ஆகாது.

குறைகளை எண்ணுவதற்கு நான்கு புள்ளி முறை பழக்கத்தில் இருக்கிறது. குறையின் நீளம் 3 அங்குலம் வரை என்றால் ஒரு புள்ளி, 6 வரை இரண்டு, 9 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. மொத்தப் புள்ளியை 3,600-ஆல் பெருக்கி, கெஜத்தில் நீளத்தையும் அங்குலத்தில் அகலத்தையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 120 கெஜம், 60 அங்குல அகலம், 24 புள்ளி என்றால் 100 சதுர கெஜத்துக்கு 12. பையரோடு பேசிவைத்த எல்லை பெரும்பாலும் 40 ஆக இருக்கும். ஆனால் இந்த எண் பாஸ் ஆனதும் மூளையைக் கழற்றி வைத்துவிடக் கூடாது. ரோல் முழுக்க ஓடும் நீடில் லைனை (பின்னல் ஊசிக் கோளாறால் விழும் நீளக் கோடு) எண்ணிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை, அந்த ரோல் திரும்பிப் போக வேண்டியதுதான். டியூபாக வந்த துணியை ஒரு பக்கம் மட்டும் பார்ப்பதும் சர்வசாதாரணம். பாதித் துணி பார்க்காமலே கட்டிங்குக்குப் போகிறது.

ஷேடில், அதாவது நிறச் சாயலில்தான் அதிக சண்டை. வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்ப்பது பழைய வழக்கம். காலை பத்து மணி வெயிலும் மாலை நாலரை மணி வெயிலும் ஒன்றல்ல. மேகம் வந்தால் அதுவும் மாறும். நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸில், பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கில் ஒத்துப்போன இரண்டு துண்டுகள், கடை ட்யூப் லைட் போன்ற டிஎல்84-ல் பிரிந்து நிற்கலாம். பையர் கடையில் எரியும் விளக்கு எது என்று கேட்டு, அதிலும் பார்த்தாக வேண்டும். எல்லா ரோலிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, ரோல் எண் எழுதி, வரிசையாக ஒட்டித் தைத்துப் பார்ப்பதுதான் உருப்படியான வழி. அப்ரூவ்டு சாம்பிளோடு தனித்தனியாக ஒப்பிடும்போது ஒவ்வொன்றும் பரவாயில்லை என்றுதான் தோன்றும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால், ஏழாவது ரோல் சிவந்து நிற்பது தூரத்திலிருந்தே தெரியும். கழுத்துப் பட்டைக்கான ரிப் துணியையும் அந்த வரிசையில் சேர்த்துத் தையுங்கள். பாடி துணி ஒரு லாட், ரிப் வேறு லாட் என்று வந்து, தைத்த பிறகு கழுத்து மட்டும் தனியாகத் தெரியும் சட்டைகள் செகண்ட்ஸ் கடைகளில் ஏராளம்.

இதில் இன்னொரு வம்பு நூலிலேயே தொடங்குகிறது. இரண்டு மில் லாட் நூல் ஒரே மெஷினில் ஏறிவிட்டால் கோரா துணியில் (சாயம் ஏறாத துணி) ஒன்றும் தெரியாது. சாயம் ஏறினதும் பட்டை பட்டையாக வரும். அப்போது நிட்டிங்காரர் டையிங்கைக் கை காட்டுவார், டையிங்காரர் மில்லைக் கை காட்டுவார். நூல் கோன் வந்த அன்றே பெட்டி லேபிளில் லாட் எண்ணைப் பார்த்து, புற ஊதா விளக்கில் கோன்களை அடுக்கி ஒரு பார்வை பார்த்தால் கலப்பு பெரும்பாலும் அங்கேயே பிடிபடும்.

சுருக்கச் சோதனையை முதல் லாட்டுக்குச் செய்துவிட்டு, அதே ரிப்போர்ட்டை எல்லா லாட்டுக்கும் ஃபைலில் வைப்பது அடுத்த பழக்கம். துவைத்தால் சுருங்குவதைக் குறைக்கத் துணியை முன்னமே அழுத்திச் சுருக்கும் காம்பேக்டிங் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி ஓடாது. 50-க்கு 50 சென்டிமீட்டர் கட்டம் குறித்துத் துவைத்து, காயவைத்து அளந்தால் 48 வருகிறதா, 46 வருகிறதா என்று தெரிந்துவிடும். முன்னது 4 சதவீதம், பின்னது 8. பேட்டர்ன் 5 சதவீதச் சுருக்கத்துக்குப் போட்டிருந்தால் பின்னதை வைத்து என்ன செய்வது? "நைட் ஷிப்டுக்குத் துணி வேணும்" என்று அவசரப்படுத்துகிறவர்களுக்கு இந்தச் சில மணி நேரம் பெரிதாகத் தெரியும். டி-ஷர்ட்டுக்குப் பயன்படும் மெல்லிய பின்னலான சிங்கிள் ஜெர்சி என்றால் துவைத்த துண்டு முறுக்கிக்கொண்டு போகிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடலாம்.

சப்ளையர் தரும் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தவுடன் நிம்மதியடைவதும் தவறுதான். சில அசோ சாயங்களிலிருந்து பிரியும் தடை செய்த அமீன்களுக்கு ஐரோப்பாவில் எல்லை கிலோவுக்கு 30 மில்லிகிராம். ரிப்போர்ட்டில் அதற்குக் கீழே என்று அழகாக அச்சாகியிருக்கும். எந்தத் தேதி, எந்த நிறம், எந்த லாட் என்று படியுங்கள். போன வருடத்து வெள்ளைத் துணி ரிப்போர்ட் இந்த வருடத்து கருநீலத்துக்குச் சாட்சி சொல்லாது.

புது மெஷின் வந்தால் சப்ளையர் கொண்டுவந்த துணியில் ஓட்டிக்காட்டுவதைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். நம் துணி, நம் நூல், நம் கரண்டில் ஓடட்டும். தராசை, எடை தெரிந்த கல்லை வைத்து தினமும் காலையில் சரிபார்த்தால் போதும். லைட் பாக்ஸ் பல்புக்கு எரிந்த மணிக்கணக்கு வேண்டும்.

இவ்வளவும் செய்து தள்ளிவைத்த ரோல் எங்கே போகிறது? இடமில்லை என்று நல்ல ரோலுக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைப்பார்கள். சாக்பீஸால் போட்ட பெருக்கல் குறி ராத்திரிக்குள் அழிந்திருக்கும், நைட் ஷிப்ட் அதையே விரித்து வெட்டியிருக்கும். சிவப்புச் சீட்டும், பூட்டக்கூடிய ஒரு மூலையும் போதும். ஷிப்மெண்ட் நெருக்கடியில் "பரவாயில்லை, எடுங்க" என்று மெர்ச்சண்டைசர் சொன்னால், யார் சொன்னது, எந்த ரோலுக்கு என்று அவர் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

குறையைப் போனில் மட்டும் சொல்லி நிறுத்துவதும் கூடாது. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின் கீழ் வரும் சப்ளையராக இருந்தால், சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு. பணம் கொடுக்க வேண்டிய கெடுவும் அந்த நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். ரோல் எண், குறை, வெட்டிய துண்டின் படம், தேதி எல்லாம் சேர்த்து அன்றைக்கே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.