பசியென்று நினைத்தேன், உப்பு மிகுந்திருந்தது

வரவேற்பறைச் சன்னலிலிருந்து ஆறடி தள்ளி வைத்திருந்த பீஸ் லில்லியின் இலை நுனிகள் பழுப்பேறத் தொடங்கியபோது, சத்துக் குறைவு என்றெண்ணி, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் கலந்த 19:19:19 என்ற நீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு 5 கிராம் வீதம் வாரந்தோறும் ஊற்றிவந்தேன். ஒரே மாதத்தில் கருகல் இலையின் பாதிவரை இறங்கிவிட்டது.

மேல்மண்ணைச் சுரண்டிப் பார்த்தபோது, உலர்ந்த சுண்ணாம்பு போன்ற வெண்படிவு நகத்தில் ஒட்டியது. தொட்டியின் அடித்துளையைச் சுற்றியும் அதே வெள்ளை வளையம் இருந்தது. வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி மெதுவாக வளர்வதால் சத்தையும் குறைவாகவே எடுக்கிறது. மீந்த உரத்தின் உப்பு, மழையில் கழுவப்பட வழியின்றி மண்ணிலேயே தங்கி, வேர் நீர் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் வேறு அதனுடன் சேர்ந்துகொண்டது. தட்டில் வடிந்த நீரைக் கொட்டாமல் விட்டதும் (சிக்கனம் என்று நினைத்தேன்) என் தவறுதான்.

படிவு மூடிய அரை அங்குல மண்ணை வழித்தெடுத்துவிட்டு, தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், பிடித்துவைத்த மழைநீரைத் தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு, மெல்ல மெல்ல ஊற்றி வடியவிட்டேன். தேநீர் நிறத்தில் வந்த நீர் கடைசியில் தெளிந்தது. அதன்பின் இரண்டு மாதங்கள் உரமே இடவில்லை. இப்போது துளிர்க்கும் காலத்தில் மட்டும், லிட்டருக்கு அரை கிராம் கரைத்து, ஈரமண்ணில் மாதம் ஒருமுறை ஊற்றுகிறேன். கருகிய பகுதிகள் மீளவில்லை, அவற்றை வெட்டிவிட்டேன். பிறகு விரிந்த நான்கு இலைகளும் நுனிவரை பச்சையாக இருக்கின்றன.